மெர்லயனைப் பார்த்தபின் எந்தப் பக்கம் நடப்பது?

தம்பி, டிசம்பர் விடுமுறையில் திருச்சியிலிருந்து இரண்டாம் முறையாகச் சிங்கப்பூர் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலை, கரையோரப் பூந்தோட்டங்கள், செந்தோசா எல்லாவற்றையும் சென்ற முறையே பார்த்துவிட்டதாகவும், இந்த முறையும் மரினா பே பக்கமே தங்கப்போவதாகவும், அறுபதைத் தாண்டிய பெற்றோரையும் பத்து வயது மகளையும் அழைத்துக்கொண்டு அங்கிருந்து நடந்தே போகக்கூடிய, கூட்டம் மொய்க்காத இடங்கள் ஏதேனும் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிறையவே உண்டு. மெர்லயனைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் வட்டத்துக்குள் நம்மவர் எழுப்பிய கட்டடங்களும் தமிழ் எழுத்துத் தாங்கிய நினைவுச் சின்னங்களும் இருக்க, நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் அவற்றைக் கவனிக்காமலே கடந்து போய்விடுகிறார்களே என்ற வருத்தம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நான் இந்த ஆற்றங்கரைக்கு அருகே, சூலியா தெருவில் இருந்த ஓர் அலுவலகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கும் அரை மணி நேரத்தில் நடந்து நடந்தே இந்த வட்டாரத்தைத் தெரிந்துகொண்டேன். அந்தப் பழக்கத்தில் முதலில் ஒன்று சொல்ல வேண்டும். பெரியவர்களோடு வருவதால் நாளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை ஆற்றின் வடகரை. வெயில் ஏறியதும் குளிரூட்டப்பட்ட அருங்காட்சியகம். பிற்பகல் மூன்று மணிக்குமேல் தென்கரை. டிசம்பரில் இங்கேயும் வடகிழக்குப் பருவமழைதான். பிற்பகலில் சட்டென்று கொட்டும், ஒரு மணி நேரத்தில் விட்டும்விடும். குடையில்லாமல் இறங்காதீர்கள்.

மெர்லயனிலிருந்தே தொடங்கலாம். 8.6 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிலை 1972ஆம் ஆண்டு திறக்கப்பட்டபோது இப்போது நிற்கும் இடத்தில் இல்லை. ஆறு கடலோடு கலக்கும் முகத்தில் நின்றது. 1997இல் எஸ்பிளனேட் பாலம் வந்து கடலுக்கும் அதற்கும் நடுவே மறைப்பாகிவிட்டதால், 2002இல் சிலையைச் சுமார் 120 மீட்டர் தள்ளி இன்றைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பழைய ஆற்றுமுகத்தில் மெர்லயனுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு கல் நின்றது. ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமான அந்த மணற்பாறையில் சுமார் ஐம்பது வரிகள் எழுத்து இருந்தது. ஆற்றின் வாயை அகலப்படுத்துவதற்காக 1843ஆம் ஆண்டு பிரிட்டிஷார் அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். அதில் மிஞ்சிய ஒரு துண்டை மதியம் அருங்காட்சியகத்தில் பார்க்கப் போகிறீர்கள். இந்த இடத்தை மட்டும் இப்போது மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

மெர்லயனுக்கு முதுகைக் காட்டி ஆற்றோரமாக உள்நோக்கி நடந்தால் ஃபுல்லர்டன் ஹோட்டல். 1928இல் கட்டி முடிக்கப்பட்டு 1996வரை தலைமை அஞ்சல் நிலையமாக இருந்த கட்டடம் அது. தூண்களை அண்ணாந்து பார்த்துவிட்டு நேராகக் கேவனா பாலத்துக்கு வந்துவிடுங்கள்.

கேவனா பாலம் 1869இல் கட்டி முடிக்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வார்க்கப்பட்ட இரும்புப் பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள். பாலத்தின் முனையில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது. உங்கள் மகளை அதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். சுமையோடு சேர்த்து மூன்று அந்தர் எடைக்கு, அதாவது சுமார் 150 கிலோவுக்கு மேற்பட்ட எந்த வண்டியும், மாடுகளும், குதிரைகளும் இந்தப் பாலத்தில் போகக்கூடாது என்று காவல்துறை ஆணையிட்டிருக்கிறது. மாட்டுவண்டிகள் அடுத்தடுத்து நின்ற காலத்தின் பலகை அது. பாலத்துக்குப் பெயர் கொடுத்த கேவனா, சிங்கப்பூர் கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்ட காலத்தின் கடைசி ஆளுநர். 1867ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி வரை சிங்கப்பூர் பிரிட்டிஷ் இந்தியாவின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது என்பது தமிழகத்தில் பலருக்கும் தெரிவதில்லை. அடுத்து நீங்கள் பார்க்கப்போகும் தூணைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி அவசியம்.

பாலத்தைக் கடந்தால் எம்பிரஸ் பிளேஸ். அங்கே ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்கு அருகில், மரநிழலுக்குப் பக்கத்தில், ஊசிபோல் நிமிர்ந்து நிற்கும் வெண்ணிறத் தூண்தான் டல்ஹௌசி நினைவுத்தூண். இந்தியத் தலைமை ஆளுநராக இருந்த டல்ஹௌசி பிரபு 1850ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூருக்கு வந்துபோனதன் நினைவாக எழுப்பப்பட்டது. வடிவமைத்தவர் ஜான் டர்ன்புல் தாம்சன் என்ற அரசாங்க நில அளவையாளர். பயணிகள் இந்தத் தூணை ஒரு புறமிருந்து படமெடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதன் அடிப்பகுதியை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். நான்கு முகங்களில் நான்கு மொழிகள்: ஆங்கிலம், ஜாவி எழுத்தில் மலாய், சீனம், தமிழ்.

நானே அதைத் தற்செயலாகத்தான் கண்டேன். வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருக்கும். ஒரு நாள் உச்சி வெயிலில் கொஞ்சம் நிழல் தேடித் தூணின் மறுபுறம் போய் நின்றபோது, கண்ணெதிரே தமிழ் எழுத்து. அது சலுகையாகப் பிற்காலத்தில் சேர்த்த பெயர்ப்பலகை அன்று. தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்றாவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னாலேயே, இந்த ஊர் மக்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டுமென்றால் தமிழிலும் சொல்ல வேண்டும் என்று 1850ஆம் ஆண்டில் முடிவெடுத்திருக்கிறார்கள். அப்படியானால் அதைப் படிக்க இங்கே ஆள் இருந்திருக்கிறார்கள். இந்தக் காலத் தமிழைப்போல ஒரே மூச்சில் ஓட்டிவிட முடியாது. எழுத்தைக் கூட்டி, நிறுத்தி, திரும்பப் படிக்க வேண்டும். உங்கள் அப்பாவோடும் மகளோடும் சேர்ந்து அதை வாய்விட்டுப் படியுங்கள். பத்து நிமிடம் ஆகட்டும். கட்டற்ற வணிகம்தான் இந்தத் துறைமுகத்தின் வளர்ச்சிக்குக் காரணம் என்பதைப் பிரபு ஏற்றுக்கொண்டார் என்று பாராட்டுவதுதான் அதன் சாரம்.

பள்ளிப் பாடத்தில் டல்ஹௌசியை நாம் படித்தது வேறு விதமாக. வாரிசு இழப்புக் கொள்கையைச் சொல்லி ஜான்சியையும் நாக்பூரையும் எடுத்துக்கொண்டவர் அவர். உங்களுக்குப் பக்கத்து ஊரான தஞ்சாவூரின் அரசும் 1855இல் அவர் காலத்தில்தான் போனது. அந்த ஜான்சியை மறக்காமல் அடுத்த இடத்துக்கு வாருங்கள், ஏனென்றால் அங்கே ஜான்சி ராணி வேறொரு விதத்தில் திரும்பி வருகிறாள்.

போகிற வழியில் ஆற்றோரத்தில் செட்டியாரும் இக்கால நிதித்துறையினரும் இடம்பெறும் வெண்கலச் சிலைத் தொகுதி ஒன்று உண்டு. ஆற்றில் குதிக்கும் சிறுவர்களின் சிலைகளும் கேவனா பாலத்துக்குப் பக்கத்தில் உண்டு. உங்கள் மகளுக்கு அவை பிடிக்கும்.

பழைய நாடாளுமன்றக் கட்டடத்தையும் விக்டோரியா அரங்கத்தையும் இடப்பக்கம் விட்டுவிட்டுப் பாடாங் திடலின் கடலோரப் பக்கம் வந்தால் எஸ்பிளனேட் பூங்கா. மரங்கள் அடர்ந்த, பெஞ்சுகள் உள்ள நீண்ட நடைபாதை. பெற்றோர் உட்கார்ந்து இளைப்பாற இதைவிட நல்ல இடம் இந்த வட்டாரத்தில் இல்லை. அங்கே 1922இல் திறக்கப்பட்ட போர் நினைவுத்தூண் ஒன்று நிற்கிறது. அதன் ஒரு பக்கம் முதல் உலகப்போரில் இறந்தவர்களுக்கு. மறுபக்கம் இரண்டாம் உலகப்போரில் இறந்தவர்களுக்கு. அந்த மறுபக்கத்தில், நாம் வாழ அவர்கள் மாண்டார்கள் என்ற பொருளில் ஒரு வாசகம் நான்கு ஆட்சிமொழிகளிலும் இருக்கிறது. தமிழும் அவற்றில் ஒன்று.

அதே பூங்காவில்தான் நான் சொல்ல வந்த சின்னம். பெரிய கட்டுமானத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இந்திய தேசிய ராணுவத்தின் (ஐஎன்ஏ) நினைவுச்சின்னம் நின்ற இடம் என்று குறிக்கும் பலகை மட்டும்தான். 1945ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி, போரில் மாண்ட ஐஎன்ஏ வீரர்களுக்காக நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்த இடத்தில் நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். இரண்டே மாதங்களில் ஜப்பான் சரணடைந்து, செப்டம்பரில் பிரிட்டிஷ் படை திரும்பி வந்தது. வந்தவுடன் செய்த முதல் காரியங்களில் ஒன்று இந்தச் சின்னத்தைத் தகர்த்தது. அதன்மேல் பொறித்திருந்த சொற்கள் ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற மூன்று. போர் முடிந்து ஐம்பது ஆண்டுகள் ஆனபோது, 1995இல், இடத்தை அடையாளம் காட்டும் பலகையைச் சிங்கப்பூர் அரசு வைத்தது.

அந்தப் பலகைக்கு முன்னால் நின்று திரும்பிப் பாடாங்கைப் பாருங்கள். 1943ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி நேதாஜி ஐஎன்ஏ படையின் அணிவகுப்பைப் பார்வையிட்டு, டெல்லிக்குச் செல்வோம் என்று முழங்கியது அந்தப் புல்வெளியில்தான். அதே ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி, இங்கிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள வாட்டர்லூ தெருவில், ஐஎன்ஏவின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்றவர் சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் மருத்துவராகத் தொழில் செய்துகொண்டிருந்த லட்சுமி சுவாமிநாதன். படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த குடும்பங்களின் பெண்கள், தமிழ்ப் பெண்கள். அவர்களில் பலர் ஜான்சியைக் கண்டதில்லை, இந்தியாவையே கண்டதில்லை. ஜான்சியை எடுத்துக்கொண்டவரைப் போற்றும் தூணும், ஜான்சியின் பெயரில் துப்பாக்கி ஏந்திய பெண்களின் படையை நினைவூட்டும் இந்த இடமும் சில நிமிட நடையில் இருக்கின்றன. இந்தச் சில நிமிட நடைக்காகவே உங்களைக் காலையில் இந்தப் பக்கம் வரச் சொல்கிறேன்.

பாடாங்கின் மறுகோடியில், நகர மண்டபம் பெருவிரைவு ரயில் நிலையத்துக்கு ஒட்டினாற்போல் வெள்ளை வெளேரென்று நிற்பது புனித ஆண்ட்ரூ பேராலயம். மணமக்கள் படமெடுக்கும் வெளிப்புறத்தைப் பலரும் பார்ப்பார்கள். உள்ளே போங்கள். வழிபாடு நடக்காத நேரத்தில் எந்தச் சமயத்தாரும் போகலாம். 1856இல் தொடங்கி 1862இல் அர்ச்சிக்கப்பட்ட இந்த ஆலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள். 1825 முதல் 1873 வரை வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களிலிருந்து வந்த கைதிகள் இங்கே தண்டனைக் காலத்தைக் கழித்தார்கள். சாலை போட்டதும், செங்கல் அறுத்ததும், சதுப்பு நிலத்தைத் தூர்த்ததும், இஸ்தானா என்று நாங்கள் சொல்லும் இன்றைய அதிபர் மாளிகையைக் கட்டியதும் அவர்கள் உழைப்பு.

பேராலயத்தின் உட்சுவர்களுக்கும் தூண்களுக்கும் அவர்கள் பூசியது சென்னைச் சுண்ணாம்பு என்று பெயர் பெற்ற பூச்சு. மணல் கலக்காத சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றை, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்து அரைத்துச் சுவரில் இழைத்து, காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சட்டென்று நினைவு வந்தது தேவகோட்டைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் பாட்டி வீடு. செட்டிநாட்டு வீடுகளின் முட்டைப் பூச்சுச் சுவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே கடுக்காய்த் தண்ணீரும் சேர்ப்பார்கள். சித்திரை வெயிலில் அந்தச் சுவரில் கன்னத்தை வைத்தால் ஈரத்துணி வைத்ததுபோல் குளிரும். அதே கைப்பக்குவம், பெயர் தெரியாத ஒரு கொத்தனாரின் கையோடு கடல் தாண்டி வந்து, கோதிக் பாணித் தேவாலயத்தின் தூணில் ஏறியிருக்கிறது. தூணுக்குப் பக்கவாட்டில் நின்று, சன்னலிலிருந்து விழும் ஒளி அதன் மேற்பரப்பில் வழுக்கிக்கொண்டு போவதைப் பாருங்கள். அவர்கள் பெயர்கள் எந்தச் சுவரிலும் இல்லை.

இதற்குள் பத்து மணி ஆகியிருக்கும். அங்கிருந்து ஸ்டாம்ஃபர்ட் சாலை வழியாகத் தேசிய அரும்பொருளகத்துக்கு நடந்து போகலாம். பெற்றோர் களைத்திருந்தால் டாக்சி எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டினருக்கு அங்கே நுழைவுக் கட்டணம் உண்டு. காலையில் குறித்துக்கொள்ளச் சொன்ன சிங்கப்பூர்க் கல்லின் மிஞ்சிய துண்டு அங்கேதான் இருக்கிறது. அதன் எழுத்தை இன்றுவரை யாரும் முழுமையாகப் படித்ததில்லை. 2019ஆம் ஆண்டு இயன் சின்கிளேர் என்ற ஆய்வாளர், அதில் 'கேசரிவ' என்ற எழுத்துகள் தெரிவதாகவும், அது சோழர் பட்டப்பெயரான பரகேசரிவர்மன் என்பதன் பகுதியாக இருக்கலாம் என்றும் ஒரு கருத்தை முன்வைத்தார். பரகேசரி என்பது கடாரம் கொண்ட ராஜேந்திர சோழனின் பட்டமும்கூட. இது ஒருவர் முன்வைத்த வாசிப்புதான், எல்லோரும் ஏற்றுக்கொண்ட முடிவு அன்று. ஆகவே ஊருக்குப் போய்ச் சிங்கப்பூரில் சோழன் கல்வெட்டைப் பார்த்தேன் என்று சொல்லிவிடாதீர்கள். ஆனால் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு உங்கள் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணம்தானே. அதைப் பார்த்த கண்ணோடு இந்தக் கல்லைப் பார்ப்பது தனி அனுபவம்.

பிற்பகலில் தென்கரை. ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்தில் இறங்கினால் சூலியா தெரு பக்கத்திலேயே. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைச் சூலியாக்கள் என்பது வழக்கம். ஆற்றில் சரக்கு ஏற்றி இறக்கிய தொங்கான்களும் படகுகளும் தொடக்கப் பத்தாண்டுகளில் பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்தன. இந்தத் தெருவுக்கு முன்பு கிளிங் தெரு என்று பெயர். கிளிங் என்ற சொல் இந்தியர்களை இழிவாகக் குறிக்கும் சொல்லாகிவிட்டதால், நம்மவர்கள் எதிர்ப்புத் தெரிவித்து, 1920களின் தொடக்கத்தில் சூலியா தெரு என்று மாறியது.

அடுத்தது மார்க்கெட் தெரு. இன்று அங்கே கண்ணாடிக் கோபுரங்கள்தான். ஆனால் எழுபதுகள் வரை அது நகரத்தார் தெரு. கடன் வேண்டியவர்கள், தமிழரானாலும் சீனரானாலும், அங்கேதான் போவார்கள். நான் ஒன்பது வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே ஒரு கிட்டங்கிக்குப் போயிருக்கிறேன். கிட்டங்கி என்பது வாசலிலிருந்து பின்கட்டு வரை நீளும் ஒரே கூடம். இரு பக்கமும் வரிசையாகப் பெட்டியடிகள். ஒவ்வொன்றும் ஒரு தனி விலாசம், ஒரு தனி நிறுவனம். குட்டை மேசை, பின்னால் மரப் பெட்டகம், தரையில் பாய். மேலாள் கணக்கைப் பார்க்க, அடுத்தாள் எழுத, பெட்டியடிப் பையன் காசு எண்ணிக்கொண்டிருப்பான். இரவானால் அதே இடத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். பின்கட்டிலிருந்து வந்த சாம்பார் மணமும், நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒருவர் அப்பாவிடம் வட்டியை வாங்கிக்கொண்டு எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்ததும் நினைவிருக்கிறது. நகரச் சீரமைப்பில் அந்தக் கிட்டங்கிகள் இடிக்கப்பட்டுவிட்டன. உங்கள் அம்மா அப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள். பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை என்றாலும், எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்து நிற்பதற்காகவாவது போய் நிற்க வேண்டிய தெரு அது.

எதுவுமே இல்லை என்பதும் முழு உண்மை அன்று. அதே தெருவில் உள்ள 280 மீட்டர் உயரமான கேபிட்டாஸ்பிரிங் கட்டடத்தின் உச்சியில், 51ஆவது மாடியில், ஒரு தோட்டம் இருக்கிறது. வார நாள்களில் குறிப்பிட்ட நேரங்களில் பொதுமக்கள் கட்டணமின்றி ஏறலாம். நேரத்தை முதல் நாளே பார்த்துவிட்டுப் போங்கள். கத்தரியும் கீரையும் மூலிகையும் விளையும் அந்தப் பாத்திகளுக்கு நடுவே நின்று கீழே பார்த்தால், காலையில் நீங்கள் நடந்த ஆறு, பாலம், பாடாங், பேராலயத்தின் கூர்முனை எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். மரினா பே சேண்ட்ஸ் உச்சிக்குக் கொடுக்கும் கட்டணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

அங்கிருந்து தெலுக் ஆயர் தெருவுக்குப் பத்து நிமிட நடை. இந்தத் தெருவைப் புரிந்துகொள்ள ஒரு விஷயத்தை மனக்கண்ணில் கொண்டுவர வேண்டும்: தெருவின் ஒரு பக்கம் முழுவதும் கடல். 1880களில் கடலைத் தூர்த்து நிலமாக்கும் வரை இதுதான் கரை. நாகப்பட்டினத்திலிருந்து வந்தவனும் ஃபூஜியானிலிருந்து வந்தவனும் படகிலிருந்து முதலில் கால் வைத்த மண் இது. பல வாரம் கடலில் தத்தளித்து உயிரோடு வந்து சேர்ந்தவன் முதலில் என்ன செய்வான்? தன்னைக் கரைசேர்த்த தெய்வத்துக்கு நன்றி சொல்வான். அதனால்தான் ஒரே தெருவில், ஒன்றையொன்று அடுத்து, சீனர்களின் கடல் தேவதைக்குத் தியன் ஹொக் கெங் கோயிலும், நம்மவர்களின் நாகூர் ஆண்டவருக்குத் தர்காவும் நிற்கின்றன.

நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பட்டது. நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகச் சூலியாக்கள் எழுப்பியது. இங்கே அடக்கத்தலம் இல்லை, நினைவிடம்தான். திருச்சிக்காரரான உங்களுக்கு நாகூரின் மினாராக்கள் கண்ணில் இருக்கும். அவற்றின் சிறிய வடிவம் இங்கே இருபுறமும் அடுக்கடுக்காக எழும்பி நிற்கிறது. கீழ்த்தளத்தில் ஐரோப்பிய பாணித் தூண்களும் வளைவுகளும். அண்ணாந்தால் இஸ்லாமிய பாணிச் சல்லடை வேலைப்பாடு. ஒரே கட்டடத்தில் இரண்டு ஊர் முகங்கள். எதிர்ப்புற நடைபாதையில் நின்று பார்த்தால்தான் இது முழுதாகத் தெரியும். 1974இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. இப்போது உள்ளே இந்திய முஸ்லிம் பாரம்பரிய நிலையம் இயங்குகிறது. அது மாலையில் சீக்கிரமே மூடிவிடும் என்பதால், மழை வரும்போல் இருந்தால் மார்க்கெட் தெருவைக் குறைத்துக்கொண்டாவது இங்கே நேரத்தோடு வந்துவிடுங்கள். அதே தெருவில் சற்றுத் தள்ளி அல் அப்ரார் பள்ளிவாசல். 1827இல் ஓலைக் குடிசையாகத் தொடங்கியதால் பழைய ஆள்கள் அதைக் குச்சுப் பள்ளி என்பார்கள். கல் கட்டடமாகி நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை.

மாலை ஆறு மணிக்குச் சவுத் பிரிட்ஜ் சாலை. மாரியம்மன் கோயிலைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. அம்மாவுக்காக எப்படியும் போவீர்கள். 1819ஆம் ஆண்டு பினாங்கிலிருந்து, இந்தத் துறைமுகத்தை நிறுவிய ஆங்கிலேயரான ராஃபிள்ஸோடு வந்து, இங்கே செங்கல் சூளை வைத்துக் கட்டட ஒப்பந்தக்காரராக உயர்ந்த நாராயண பிள்ளை 1827இல் எழுப்பிய கோயில் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பயணிகள் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். அதே சாலையில் சில அடிகள் தள்ளி ஜாமியா சூலியா பள்ளிவாசல் இருக்கிறது. 1826இல் தொடங்கப்பட்ட அதன் வாயிலில் இரட்டை எண்கோண மினாராக்களுக்கு நடுவே ஒரு குட்டி முகப்பு. நம் கடலோர ஊர்களில் பார்த்த சாயல் அப்படியே தெரியும். கோயிலையும் பள்ளிவாசலையும் ஒட்டியுள்ள தெருக்களின் பெயர்களைப் படியுங்கள்: பகோடா தெரு, டெம்பிள் தெரு, மாஸ்க் தெரு. சைனாடவுன் என்று எல்லோரும் சொல்லும் இடத்தின் மூன்று தெருக்கள் இவற்றால் பெயர் பெற்றவை. பகோடா என்று அவர்கள் சொன்னது நம் கோபுரத்தை.

இரவுச் சாப்பாட்டுக்கு வந்த வழியே தெலுக் ஆயர் தெருவுக்கு இறங்கி, தர்கா மூலையில் திரும்பினால் பூன் டாட் தெரு. அதன் கோடியில் 1894ஆம் ஆண்டின் எண்கோண வடிவ இரும்புக் கட்டடமான லாவ் பா சாட் உணவங்காடி. இரவு ஏழு மணிக்குப் பிறகு அந்தத் தெருவை அடைத்து மேசை போட்டு, கரி அடுப்பில் சாத்தே, அதாவது குச்சியில் கோத்த இறைச்சி சுடுவார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கட்டடத்துக்குள் இந்தியக் கடைகள் கிடைக்கும். முடித்துவிட்டுத் தெலுக் ஆயர் நிலையத்தில் டவுன்டவுன் தட ரயில் ஏறினால், இரண்டாவது நிறுத்தம் பேஃபிரண்ட். அங்கே இறங்கினால் உங்கள் ஹோட்டல் பக்கம்தான்.